‘ஜிபே பண்ணும்மா’ என்னும் குழந்தைக்குக் காசைப் பழக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: வீட்டில் எட்டு வயதுப் பையன், நான்கு வயதுப் பெண். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பாலிலிருந்து பள்ளிக் கட்டணம் வரை எல்லாம் போனிலேயே கட்டுகிறார்கள். கடையில் எதைப் பார்த்தாலும் “ஜிபே பண்ணும்மா” என்கிறான் பெரியவன். அவனைப் பார்த்துச் சின்னவளும் பிடித்துக்கொண்டாள். எந்த வயதில் கையில் காசு கொடுப்பது? எவ்வளவு? வீட்டு வேலை செய்தால் காசு கொடுக்கலாமா? என்னென்ன வேலைகளைப் பழக்கலாம்?

“பணம் என்ன மரத்துலயா காய்க்குது?” என்று அதட்டுவதால் எந்தக் குழந்தையும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. காசுக்கு ஓர் அளவு உண்டு, கொடுத்தால் குறையும், குறைந்தது தானாகத் திரும்பாது என்பதை அது கண்ணால் பார்க்க வேண்டும். போன் மறைப்பது இதைத்தான். அதனால் ஒரு சிறு தொகையை ரொக்கமாக, முழுக்க அவர்களுடையதாகக் கொடுங்கள். அதைத் தவறாகச் செலவழிக்கவும் விடுங்கள். 20 ரூபாயில் செய்யும் தவறுக்கு 20 ரூபாய்தான் விலை. அந்தத் தவறை முதல் சம்பளத்தில் முதல்முறையாகச் செய்தால் விலை மிக அதிகம்.

நான்கு வயதுப் பெண்ணிடமிருந்து தொடங்குகிறேன். இந்த வயதில் பாக்கெட் மணி வேண்டாம். காசை அடையாளம் தெரிந்தால் போதும். ஐந்து 1 ரூபாய்க் காசுகளையும் ஒரு 5 ரூபாய்க் காசையும் முன்னால் வைத்து எது வேண்டும் என்று கேளுங்கள். ஐந்து காசுகளைத்தான் எடுப்பாள். அதே ஐந்து காசுகளை நெருக்கி வைப்பதற்கும் பரப்பி வைப்பதற்கும் வேறு வேறு பதில் சொல்வாள். ஆறு, ஏழு வயதுவரை குழந்தைகள் பரப்பைப் பார்த்தே ‘நிறைய’ என்று முடிவு செய்கிறார்கள் என்பதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே விளக்கியிருக்கிறார். மூளை வளரும் வழி அது. திருத்தித் திட்ட வேண்டாம். மாற்று விளையாட்டு விளையாடுங்கள்: நீங்கள் கடைக்காரர், அவள் ஐந்து ஒற்றை ரூபாய்களை எண்ணிக் கொடுத்தால் ஒரு 5 ரூபாய்க் காசு கொடுப்பீர்கள்; பிறகு மாற்றிச் செய்யுங்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும்.

நம் காசுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 2011-ல் வந்த வரிசையில் 2 ரூபாய்க் காசின் விட்டம் 25 மி.மீ., 5 ரூபாய்க் காசோ 23 மி.மீ. பெரிய காசுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று நினைக்கும் குழந்தை இங்கே கட்டாயம் குழம்பும். பல வரிசைக் காசுகள் ஒரே நேரத்தில் புழங்குவதால் அளவை நம்ப முடியாது. எண்ணைப் படிக்கப் பழக்குங்கள். 20 ரூபாய்க் காசுக்கு 12 பக்கங்கள். விரலால் தடவி எண்ணச் சொன்னால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கும் இடத்தில் காசைக் கையில் விட்டுவிட்டு நகராதீர்கள். வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

நோட்டுகளுக்கு நிறமும் படமும் வழிகாட்டி. 10 ரூபாய் சாக்லேட் பழுப்பு, பின்புறம் கோனார்க் சூரியக் கோயில். 50 ரூபாய் நீலம், ஹம்பியின் கல்தேர். 100 ரூபாய் இளம் ஊதா, குஜராத்தின் படிக்கிணறு. 200 மஞ்சள், சாஞ்சி தூபி. 500 சாம்பல் நிறம், செங்கோட்டை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் எட்டு வயதுப் பையனிடம் பின்புறம் உள்ள மொழிப் பட்டியலில் தமிழைத் தேடச் சொல்லுங்கள். 15 மொழிகளில், கீழிருந்து மூன்றாவது வரி.

போன் விஷயத்துக்கு வருகிறேன். ஜிபே, போன்பே பழக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரே ஒரு கொள்முதலை மட்டும் ரொக்கத்துக்கு மாற்றுங்கள். காய்கறி மிகப் பொருத்தம். ஞாயிற்றுக்கிழமை 300 ரூபாயை ஓர் உறையில் போட்டுப் பையன் கையில் கொடுங்கள். ஒவ்வொரு கடையிலும் அவனே எடுத்துக் கொடுக்கட்டும். உறை மெலிவதைக் கையே உணரும். கடைசியில் 25 ரூபாய் இருக்கும்போது முருங்கைக்காயா, கொய்யாவா என்று அவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒன்றை வாங்கினால் மற்றது இல்லை என்ற பாடம் அங்கே தானாக வந்துவிடும்.

போனில் கட்டும்போதும் ஒரு வழி உண்டு. கடைகளில் வைத்திருக்கும் ஒலிப்பெட்டி வந்த தொகையைத் தமிழில் சொல்லும் அல்லவா? கட்டுவதற்கு முன் “பெட்டி எவ்வளவுன்னு சொல்லும்?” என்று கேளுங்கள். பில்லைக் கூட்டிப் பார்த்து அவன் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை கணக்கில் மீதியைக் காட்டி, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிக்கச் சொல்லலாம். முழுச் சம்பளத்தையும் காட்டச் சங்கடமாக இருந்தால் வீட்டுச் செலவுக்கென்று தனிக் கணக்கு வைத்து அதை மட்டும் காட்டுங்கள். ரகசிய எண்ணை மட்டும் எந்த வயதிலும் சொல்லிக் கொடுக்காதீர்கள். விளையாட்டுச் செயலிகளுக்குள் வாங்கும் வசதி இருக்கும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி ப்ளே ஸ்டோர் அமைப்பை மாற்றி வையுங்கள்.

இனி பாக்கெட் மணி. கூட்டல் கழித்தல் தெரிந்த வயது, அதாவது ஆறு அல்லது ஏழு, தொடங்க நல்ல நேரம். உங்கள் பையன் எட்டு வயது என்பதால் இந்த வாரமே தொடங்கலாம். மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டாம். 30 நாள் என்பது எட்டு வயதுக்கு மிக நீளம், முதல் இரண்டு நாளில் தீர்த்துவிட்டு 28 நாள் அழுவான். வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, நீங்களாகவே கொடுக்க வேண்டும். அவன் நினைவுபடுத்திக் கேட்டு வாங்கும் நிலை வரக்கூடாது. தொகைக்கு என் அளவுகோல்: அவன் விரும்பும் ஒரு சிறு பொருளை மூன்று வாரம் சேர்த்தால் வாங்க முடிய வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு 30 ரூபாய் சரியாக வரும். 10 ரூபாய் நோட்டும் காசுமாகப் பிரித்துக் கொடுங்கள். ஒற்றை 50 ரூபாய் நோட்டாகக் கொடுத்தால் பிரித்து வைக்க முடியாது, அப்படியே போய்விடும்.

எதற்கெல்லாம் அந்தக் காசு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பென்சில், நோட்டு, சாப்பாடு எல்லாம் வீட்டுச் செலவு. வெளியில் வாங்கும் மிட்டாய், ஸ்டிக்கர், சின்ன பொம்மை அவன் செலவு. இந்தக் கோட்டை வரையாத வீடுகளில்தான் திட்டம் இரண்டு மாதத்தில் படுத்துவிடுகிறது: பையன் தன் காசைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மிட்டாய்க்கு அப்பாவிடம் தனியாகக் கேட்பான், அப்பாவும் கொடுப்பார்.

சேர்த்து வைக்க மண் உண்டியல் அழகுதான். ஆனால் சிறு குழந்தைகளுக்கு நான் பரிந்துரைப்பது உள்ளே தெரியும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரியான ஒன்றை. உண்டியலுக்குள் போன காசு கண்ணில் படாது, உடைத்தால்தான் தெரியும். பாட்டிலில் உயரம் ஏறுவது தினமும் தெரியும். பத்து வயதுக்கு மேல், ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல் வரை சேர்ப்பதற்கு மண் உண்டியல் நல்லது. மூன்று பாட்டில்கள் வைத்துச் செலவு, சேமிப்பு, பிறருக்கு என்று பிரிக்கலாம். 30 ரூபாயில் 15, 10, 5 என்பது ஒரு தொடக்கம். ‘பிறருக்கு’ பாட்டில் கோயில் உண்டியலுக்கா, தெருநாய்க்கு பிஸ்கட் வாங்கவா, பாட்டிக்குப் பூ வாங்கவா என்பதை அவனே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் முடிவு செய்தால் அது வரி வசூலாகிவிடும்.

சேமிப்பின் இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பது வயதைப் பொறுத்தது. ஐந்து வயதில் ஒரு வாரம், ஏழெட்டு வயதில் நான்கு வாரம், பத்து வயதில் இரண்டு மூன்று மாதம். அதற்கு மேல் போனால் ஆசையே மாறிவிடும். பத்து வயதுப் பிள்ளையின் இலக்கு 120 ரூபாய்ப் பந்து என்றால் அதன் படத்தை ஒட்டி, கீழே 12 கட்டங்கள் வரைந்து, 10 ரூபாய் சேரும்போதெல்லாம் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்.

இப்போது பெற்றோர் செய்யும் தவறுகள். இவை எனக்கு முக்கியமாகப் படுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, காப்பாற்றப் போவது. சனிக்கிழமை கொடுத்த 30 ரூபாயைச் சனிக்கிழமை மாலையே ஒரு பிளாஸ்டிக் காரில் போட்டுவிடுவான். ஞாயிறு காலை அதன் சக்கரம் கழன்றுவிடும். அழுவான். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காசு கொடுக்காதீர்கள். “நான் அப்பவே சொன்னேன்ல” என்றும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், தன் தேர்வைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த பிள்ளை உங்கள் மேல் உள்ள கோபத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவான். “அடுத்த தடவை வாங்கறதுக்கு முன்னாடி எதைப் பாத்து வாங்கலாம்?” என்று மறுநாள் கேளுங்கள்.

இரண்டாவது, வாக்குத் தவறுவது. சில்லறை இல்லாத அவசரத்தில் பிள்ளையின் பாட்டிலிலிருந்து 50 ரூபாய் எடுத்துவிட்டுத் திருப்பி வைக்காத வீடுகள் ஏராளம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தாத்தா, மாமா, அத்தை கொடுக்கும் காசும் “நான் பத்திரமா வச்சிருக்கேன்” என்று வாங்கப்பட்டு வீட்டுச் செலவில் கரைகிறது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை இங்கே நினைவூட்ட வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுள்ள 28 குழந்தைகளில் பாதிப் பேரிடம் பெரியவர் ஒருவர் “நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்” என்று சொல்லி அதன்படியே கொண்டுவந்தார். மற்றவர்களிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார். பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு மிட்டாய் கொடுத்து, 15 நிமிடம் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் முழு நேரமும் காத்திருந்தார்கள். ஏமாந்த 14 பேரில் ஒருவர்தான். பொறுமை குழந்தையின் குணத்தை மட்டும் பொறுத்ததில்லை. காத்திருந்தால் கிடைக்கும் என்று நம்ப வைக்கும் பெரியவரையும் பொறுத்தது. ஆகவே காசு எடுத்தால் ஒரு சீட்டில் “அம்மா 50 ரூபாய், வெள்ளிக்கிழமை” என்று எழுதிப் பாட்டிலில் போடுங்கள். வெள்ளிக்கிழமை திருப்பி வையுங்கள். பண்டிகைக் காசுக்குப் பண்டிகைக்கு முன்பே பங்கு பேசிவிடுங்கள்: 500 வந்தால் 100 கையில், 400 அவன் பெயரில் உள்ள கணக்கில், பாஸ்புக்கில் பதிந்ததை அவனுக்குக் காட்டுங்கள்.

மூன்றாவது, பொய்க் காரணம். “காசு இல்ல” என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் ஓட்டலில் 800 ரூபாய் கட்டினால் பிள்ளைக்கு என்ன புரியும்? “அதுக்கு இந்த மாசம் காசு ஒதுக்கல” என்பது உண்மையும் ஆகும், பாடமும் ஆகும். உண்மையிலேயே நெருக்கடி என்றால் “இந்த மாசம் கொஞ்சம் கஷ்டம், சாப்பாட்டுக்கும் ஸ்கூலுக்கும் இருக்கு, மத்ததைத் தள்ளிப்போடுறோம்” என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். கடன் தொகை, கடன்காரர் பெயர் எல்லாம் குழந்தை சுமக்க வேண்டியதில்லை.

வேலை செய்தால் காசு கொடுக்கலாமா? தன் தட்டைக் கழுவுவது, துணி மடிப்பது, படுக்கையைச் சுருட்டி வைப்பது போன்றவற்றுக்குக் கொடுக்காதீர்கள். 1973-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெப்பர் குழுவினர், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு ‘வரைந்தால் பரிசு’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசு கிடைத்த ஓரிரு வாரங்களுக்குப் பின், யாரும் எதுவும் சொல்லாதபோது அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழ பாதிதான். வீட்டில் இதன் வடிவம் தெளிவு: தண்ணீர் எடுத்து வரச் சொன்னால் “எவ்வளவு குடுப்பீங்க?” என்ற கேள்வி. வழக்கத்துக்கு மேற்பட்ட, வெளியாளுக்குக் காசு கொடுத்துச் செய்விக்கும் வேலைக்கு மட்டும் கொடுக்கலாம். வண்டி கழுவுவது, பழைய செய்தித்தாளைக் கட்டி எடைக்குப் போடுவது நல்ல உதாரணங்கள். பேப்பர் எடைக்குப் போட்ட காசை அவனே வாங்கட்டும். எடை, கிலோ விலை, பெருக்கல் எல்லாம் ஒரே வேலையில் வருகின்றன.

எந்த வேலையை எப்போது என்பதற்குக் கண்டிப்பான அட்டவணை கிடையாது. நான்கு வயதுக்குச் சாக்ஸ் ஜோடி சேர்ப்பது, தட்டைத் தொட்டியில் போடுவது, பட்டாணி உரிப்பது, முருங்கைக் கீரை உருவுவது. முருங்கைக் கீரை அந்த வயது விரலுக்கு மிக ஏற்றது. காம்பு தெரியாமல் விழுந்தால் நீங்கள் பிறகு பொறுக்கிக்கொள்ளலாம், அவள் முன்னால் வேண்டாம். எட்டு வயதுக்குச் சாப்பாட்டு டப்பாவைத் தானே கழுவுவது, வீடு பெருக்குவது, பள்ளிப் பையை இரவே அடுக்குவது, எலுமிச்சைச் சாறு போடுவது. சாறுக்கு அரைப் பழம், ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு; விதை விழாமல் வடிகட்டியின் மேல் பிழிய வேண்டும். பத்து வயதில், பெரியவர் பக்கத்தில் நிற்க, அடுப்புப் பற்ற வைத்துத் தோசை ஊற்றலாம். முதல் நாள் பாடம் தோசையில்லை, ரெகுலேட்டரை மூடுவதும் கேஸ் வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் கதவு சன்னலைத் திறப்பதும்தான். எந்த வேலையானாலும் நீங்கள் செய்து காட்டி, சேர்ந்து செய்து, அவர்கள் செய்வதைப் பார்த்து, பிறகு விலகுங்கள். பலர் முதல் படியிலிருந்து கடைசிப் படிக்குத் தாவிவிட்டு “இவனுக்கு ஒண்ணும் வராது” என்கிறார்கள்.

எட்டு வயதுக்கு நான் தரும் முதன்மையான பயிற்சி கடைக்கு அனுப்புவது. சாலையைக் கடக்க வேண்டாத, உங்களுக்குத் தெரிந்த மளிகைக் கடை வேண்டும். முதல் இரண்டு தடவை நீங்கள் பத்தடி பின்னால் நில்லுங்கள். இரண்டே பொருட்கள், துண்டுச் சீட்டில் அவன் கையெழுத்தில். 50 ரூபாய் கொடுத்து, பொருள் 32 ரூபாய் ஆகும் என்றால் மீதியை வீட்டிலேயே கணக்கிடச் சொல்லுங்கள். கழிப்பதைவிட ஏறி எண்ணுவது சுலபம்: 32-லிருந்து 35-க்கு 3, 40-க்கு 5, 50-க்கு 10, ஆக 18. கடைக்காரர் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தால் “அண்ணா, மிட்டாய் வேணாம், சில்லறை குடுங்க” என்று சொல்லும் துணிச்சலையும் வீட்டிலேயே நடித்துப் பழக்குங்கள். மீதி குறைந்து வந்தால் தனியாகத் திருப்பி அனுப்பாதீர்கள். கூடப் போங்கள், ஆனால் பேசுவது அவனாக இருக்கட்டும். சில ஊர்களில் 10 ரூபாய்க் காசை வாங்க மறுக்கிறார்கள். எல்லா வடிவ 10 ரூபாய்க் காசும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. பையனுக்கு இது தெரிந்திருக்கட்டும், வாதாடுவது உங்கள் வேலை.

பாக்கெட்டைப் படிக்கவும் அங்கேயே பழக்கலாம். அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று பல பாக்கெட்டுகளில் அச்சிட்டிருக்கிறார்கள். 50 கிராம் 10 ரூபாய், 200 கிராம் 45 ரூபாய் என்று இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகள் இருந்தால், 100 கிராமுக்கு ஒன்று 20, மற்றது 22.50. பெரிய பாக்கெட்தான் லாபம் என்று பெரியவர்களே நம்பிக்கொண்டிருக்கும்போது இதைக் கண்டுபிடிக்கும் பையனின் முகத்தைப் பாருங்கள்!

மின்சாரமும் நல்ல பாடம். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் மின்விசிறி ஒரு யூனிட்டுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஓடும். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணியில் தீர்த்துவிடும். ஞாயிறுதோறும் மீட்டரைப் படித்து நோட்டில் எழுதும் பொறுப்பை அவனிடம் விட்டால், அணைக்கச் சொல்லி நீங்கள் கத்த வேண்டிய தேவை குறையும்.

பிள்ளை தானே இயக்கும் கணக்கு பத்து வயதில். பத்து வயது நிறைந்தால் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைக் குழந்தை தன் பெயரில் தானே இயக்கலாம். 500 ரூபாயில் தொடங்கலாம், இப்போது வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். பத்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. ஆகவே பணம் போடுவதைப் பத்தாம் தேதிக்குள் முடித்துவிடுங்கள். வங்கிகளும் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைத் தாங்களே கணக்கை இயக்க அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் சொல்லியிருக்கிறது. உச்சவரம்பை அந்தந்த வங்கி வைக்கும். பெண்ணுக்குப் பத்து வயதுக்குள் தொடங்க வேண்டிய செல்வமகள் திட்டம் வேறு விஷயம், அது உங்கள் சேமிப்பு. அவளுடைய பாட்டிலை அதில் கலக்காதீர்கள்.

சேமிப்பை ஊக்குவிக்க நீங்கள் வீட்டில் வட்டி கொடுப்பதானால் ஒரு கவனம் வேண்டும். 200 ரூபாய்க்கு 4 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8 ரூபாய். எட்டு வயதுக்கு அது ஒன்றுமே இல்லை. அதனால் ‘மாதம் நூற்றுக்கு ஐந்து’ என்று பலர் கொடுக்கிறார்கள். கொடுங்கள், ஆனால் அதை ‘அப்பாவின் போனஸ்’ என்றே அழையுங்கள், வட்டி என்று சொல்லாதீர்கள். கொழுத்த மாத வட்டி ஆசை காட்டி மக்கள் பணத்தைச் சுருட்டிய நிறுவனங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 1997-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. மாதம் ஐந்து சதவீதம் இயல்பான வட்டி என்று நம்பி வளரும் பிள்ளை அந்த விளம்பரத்தைச் சந்தேகிக்க மாட்டான்.

கடைசியாக, அண்ணனுக்கு 30 கொடுத்தால் தங்கை சும்மா இருக்க மாட்டாள். நான்கு வயதுக்குப் பாக்கெட் மணி வேண்டாம் என்றேன்; இருந்தாலும் அவள் கேட்டால் வாரம் ஒரு 5 ரூபாய்க் காசு கொடுத்து அவளுக்கென்று ஒரு பாட்டிலும் கொடுங்கள். தொகை கூடும் நாள் பிறந்தநாள் என்று இருவருக்கும் ஒரே விதி வையுங்கள். “அண்ணனுக்கு மட்டும் ஏன்?” என்று கேட்டால் “உன் அடுத்த பிறந்தநாளுக்கு உனக்கும் கூடும்” என்று நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டுக் காட்டுங்கள். அந்த நாளில் மறக்காமல் கூட்டிக் கொடுங்கள்.